நிறுத்தச் சொன்ன சேவை நின்றுவிட்டதா?

10 ஜிகாபிட் வேகமுள்ள ஒரு நெட்வொர்க் கார்டில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் இடைவெளியில்லாமல் வந்தால், விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட்டுகள் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 67.2 நானோ விநாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது ஏறத்தாழ 200 சுழற்சிகள். 100 ஜிகாபிட் கார்டு என்றால் 20 சுழற்சிகள்தான். இன்டரப்ட் வந்து, கெர்னல் விழித்து, பாக்கெட்டை நகலெடுத்துப் பயனர் நிரலிடம் ஒப்படைக்கும் வழக்கமான பாதைக்கு இந்த அவகாசம் போதவே போதாது. இந்த நெருக்கடிக்கு விடையாக இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் என்ற பொறியாளர் தொடங்கி வைத்ததுதான் டி.பி.டி.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டேட்டா பிளேன் டெவலப்மென்ட் கிட். கெர்னலை விலக்கிவிட்டு, ப்ராசஸரின் ஒரு கோரை முழுநேரமும் கார்டையே கவனித்துக்கொண்டிருக்க வைப்பது அதன் அடிப்படை உத்தி. 2017 ஏப்ரலில் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் திட்டங்களில் ஒன்றானது.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 17.08 பதிப்பில் 'சேவை கோர்' என்ற சிறிய பகுதி இந்த நூலகத்தில் சேர்ந்தது. சுமார் ஆயிரம் வரி நிரல். பாக்கெட்டுகளைத் தொடாத, ஆனால் பாக்கெட்டுகளின் பாதை தடைபடாமல் இருக்கத் தேவையான பின்னணி வேலைகளை எந்தக் கோரில் ஓட்டுவது என்று பங்கிடுவது அதன் பணி. இந்த ஆயிரம் வரிகளில் அதன்பின் நடந்த திருத்தங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பல கோர்களில் ஓடும் நிரலில் ஒரு மாற்றத்தை எப்படிப் பரிசீலிக்க வேண்டும் என்ற பெரிய கேள்விக்குத் தெளிவான விடைகள் கிடைக்கின்றன. இக்கட்டுரையின் நோக்கம் அந்த விடைகளைத் திரட்டுவதே.

முதலில், இந்தப் பகுதி ஏன் தேவைப்பட்டது? 17.05 பதிப்பில் ஈவென்ட் டிவைஸ் என்ற வசதி வந்தது. வேலைகளை நிகழ்வுகளாகப் பிரித்து, ஒரே இணைப்பைச் சேர்ந்தவை வரிசை மாறாமல், பல கோர்களுக்கு விநியோகிக்கும் ஏற்பாடு அது. சில சிப்புகளில் இந்த விநியோகத்தை வன்பொருளே செய்துவிடும். அந்த வன்பொருள் இல்லாத இடத்தில் அதே வேலையை ஒரு மென்பொருள் டிரைவர் செய்யும். ஆனால் அந்த டிரைவரை ஓட்ட யாராவது ஒரு கோரைக் கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது? பயன்பாட்டு நிரலே கொடுக்க வேண்டும் என்றால், கீழே இருப்பது வன்பொருளா மென்பொருளா என்று அது தெரிந்துவைத்திருக்க வேண்டும். மேலே இருப்பவர் கீழே உள்ளதைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்பதற்காகக் கட்டிய நூலகத்தில் அந்த நோக்கமே அடிபட்டுப் போகும். ஆகவே டிரைவர் தன் செயற்கூறை 'சேவை' என்று பதிவு செய்யும். நிரலைத் தொடங்குபவர் சில கோர்களை ஒதுக்குவார். இரண்டையும் இணைப்பது நூலகத்தின் பொறுப்பு. அதிகபட்சம் 64 சேவைகள்.

இப்படி ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு சேவை கோரும் ஒரு சுழலில் சுற்றுகிறது. தனக்கு ஒதுக்கப்பட்ட சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கிறது. அழைக்கப்பட்ட செயற்கூறு தானாகத் திரும்பி வந்தால்தான் அடுத்ததற்கு முறை. இடையில் பிடுங்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஒரு சேவை ஓட மூன்று அனுமதிகள் வேண்டும்: அதை எழுதிய டிரைவர் 'தயார்' என்று சொல்லியிருக்க வேண்டும், பயன்பாட்டு நிரல் 'ஓடலாம்' என்று சொல்லியிருக்க வேண்டும், அந்தக் கோரின் பட்டியலில் அது இருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் கோரின் சொந்த நிலை வேறு. இந்த நான்கையும் வேறொரு கோரில் ஓடும் த்ரெட் எந்த நேரத்திலும் மாற்றலாம். ஆயிரம் வரி நிரலைச் சிக்கலாக்குவது இந்த 'எந்த நேரத்திலும்' தான்.

பரிசீலிப்பவரின் கண் இயல்பாகவே அந்தச் சுழலுக்குத்தான் போகும். விநாடிக்கு லட்சக்கணக்கான முறை ஓடுவது அதுதானே. ஆனால் பதிவாகியுள்ள பிழைகளின் வரலாறு வேறு இடத்தைக் காட்டுகிறது. சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. அது ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நொடியிலும், நிறுத்தப்படும் நொடியிலும்தான் உடைந்திருக்கிறது. என் வாதம் இதுதான்: இப்படிப்பட்ட நிரலில் வரும் எந்த மாற்றத்தையும், அது வேகத்தைப் பற்றிய மாற்றமாக இருந்தாலும், உரிமை கைமாறும் இடத்திலிருந்தும் நிறுத்தும் இடத்திலிருந்தும்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.

ஒரு லாக்கை மிச்சப்படுத்திய கதை

சேவைகளில் இரண்டு வகை உண்டு. ஒரே நேரத்தில் பல கோர்களில் ஓடினாலும் பாதகமில்லை என்று தன்னை அறிவித்துக்கொள்பவை ஒரு வகை. அப்படி அறிவிக்காதவை மற்றொரு வகை. இரண்டாவது வகையை ஓட்டும் முன் நூலகம் ஒரு லாக்கை எடுக்க முயலும். கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் அடுத்த சேவைக்குப் போய்விடும். இதுவரை சரி.

தொடக்க கால நிரலில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருந்தது. சேவை எத்தனை கோர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஓர் எண்ணி வைத்திருந்தார்கள். அது ஒன்று என்றால் போட்டிக்கு ஆளே இல்லை, லாக் எதற்கு? யாரும் மறுக்க முடியாத தர்க்கம் போலத் தோன்றுகிறது. நல்ல பொறியாளர்கள் படித்து ஒப்புக்கொண்ட தர்க்கமும்கூட.

இப்போது நேரத்தை இழுத்துப் பாருங்கள். முதல் கோர் எண்ணியைப் படிக்கிறது, ஒன்று. லாக் எடுக்காமல் சேவைக்குள் நுழைகிறது. அது உள்ளே இருக்கும்போதே நிர்வாக த்ரெட் அதே சேவையை இரண்டாவது கோருக்கும் ஒதுக்குகிறது. எண்ணி இரண்டாகிறது. இரண்டாவது கோர் விதிப்படி லாக்கை எடுக்கிறது. லாக் காலியாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் முதல் கோர் அதைத் தொடவே இல்லை. இரண்டு கோர்களும் ஒரே நேரத்தில், ஒருவர் மட்டுமே இருக்க வேண்டிய இடத்துக்குள்.

2020 மே மாதப் பதிப்பான 20.05-ல் இது திருத்தப்பட்டது. திருத்தம் எளிமையானது: தன்னைப் பாதுகாப்பானது என்று அறிவிக்காத சேவைக்கு எப்போதும் லாக் உண்டு, ஒரே கோர் என்றாலும். ஒரே கோரில்தான் ஓடும் என்று உறுதியாகத் தெரிந்து, லாக்கின் செலவைத் தவிர்க்க விரும்புபவர், அந்தச் சேவையைப் பாதுகாப்பானது என்று தானே அறிவித்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. எனக்கு இந்தக் குறிப்பு திருத்தத்தைவிட முக்கியமாகப் படுகிறது. நூலகம் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்றை, தெரிந்தவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்றாக அது மாற்றியது.

இந்தப் பிழையில் பரிசீலிப்பவருக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. எண்ணி பழுதானதல்ல, பிளவுபடாத அணுச் செயலால்தான் அதை ஏற்றி இறக்கினார்கள். பிழை இருந்தது படிப்பதற்கும் செயல்படுவதற்கும் நடுவே. ஒரு மாறியைப் பாதுகாப்பாகப் படித்துவிட்டார்கள் என்பதாலேயே அதன்மேல் எடுத்த முடிவும் பாதுகாப்பானது ஆகிவிடாது. படித்த மறுகணம் அந்த மதிப்பு பழையதாகியிருக்கலாம். ஆகவே ஒரு மாற்றத்தில் 'இந்த நிலையில் இருந்தால் மட்டும் லாக் வேண்டாம்' என்ற வகை நிபந்தனை எங்கே தென்பட்டாலும் பரிசீலிப்பவர் அங்கே நின்றுவிட வேண்டும். அந்த நிலை மாறாமல் இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? பதில் 'யாருமில்லை' என்றால் மாற்றம் தவறு.

நின்றதும் நிற்கப்போவதும்

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. சேவை கோரை நிறுத்தும் அழைப்பு உண்மையில் எதையும் நிறுத்துவதில்லை. 'நில்' என்று ஒரு குறியை எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தக் கோர் அப்போது ஏதாவது சேவைக்குள் இருந்தால், அதை முடித்துவிட்டு, சுழலின் தலைக்கு வந்து குறியைப் பார்த்த பிறகுதான் நிற்கும். அதனால் 'இந்தச் சேவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடுமா' என்று கேட்க ஒரு தனி அழைப்பு இருக்கிறது. இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் சேவையின் நினைவகத்தை விடுவிக்கலாம்.

ஒருகட்டத்தில், நிறுத்தும் அழைப்பே 'இந்தக் கோரில் இந்தச் சேவை ஓடவில்லை' என்ற குறியையும் எழுதிக்கொண்டிருந்தது. பழைய குறி தேங்கி நிற்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். விளைவு விபரீதம். இரண்டாவது த்ரெட் சேவையின் நடுவில் இருக்கிறது. முதல் த்ரெட் நிறுத்து என்கிறது. குறி உடனே 'ஓடவில்லை' என்று மாறுகிறது. முதல் த்ரெட் விதிப்படி கேட்கிறது: ஓடுகிறதா? இல்லை என்று பதில் வருகிறது. நினைவகத்தை விடுவிக்கிறது. இரண்டாவது த்ரெட் இன்னும் அதையே படித்துக்கொண்டிருக்கிறது. நிரல் சரிகிறது.

இங்கே பயன்பாட்டு நிரலை எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆவணம் சொன்னபடியே கேட்டார், பதிலை நம்பினார். திருத்தத்தில் அந்தக் குறியை அழிக்கும் வேலை நிறுத்தும் அழைப்பிலிருந்து எடுக்கப்பட்டு, சேவையை ஓட்டும் கோரிடமே கொடுக்கப்பட்டது. சுழலை விட்டு வெளியே வரும்போது அது தானே எழுதும்: இனி நான் உள்ளே இல்லை. இடம் மாறியது ஒரு சில வரிகள்தான். ஆனால் 'ஒரு த்ரெட்டின் நிலையைப் பற்றி இன்னொரு த்ரெட் சாட்சி சொல்லக் கூடாது' என்ற கொள்கை அந்த வரிகளில் இருக்கிறது.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு இணையான ஏற்பாடு நாப்பி. அங்கும் ஒரு பாக்கெட் வரிசையை ஒரே நேரத்தில் ஒருவர்தான் வாசிக்க வேண்டும். ஒற்றை நிலைக் குறி அதை உறுதிசெய்கிறது. ஆனால் நாப்பியை முடக்கும் அழைப்பு, நடந்துகொண்டிருக்கும் வேலை முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் திரும்பும். அழைத்தவர் தனியாக எதையும் கேட்க வேண்டியதில்லை. காத்திருக்கும் முறையில் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவு. டி.பி.டி.கே. இந்த வழியைத் தேர்ந்தெடுக்காததற்கு நியாயம் உண்டு: நிறுத்தச் சொல்லும் கோரே பாக்கெட்டுகளைக் கையாளும் கோராக இருக்கலாம், அது காத்து நிற்க முடியாது. தேர்வு சரி என்றே கருதுகிறேன். ஆனால் அந்தத் தேர்வின் விலை, கேட்கும் அழைப்பு ஒருபோதும் பொய் சொல்லக் கூடாது என்பது. 'ஓடலாம்' என்று தேவையில்லாமல் சொன்னால் சிறிது தாமதம். 'ஓடவில்லை' என்று தவறாகச் சொன்னால் சரிவு. இரண்டும் சமமான பிழைகள் அல்ல. எந்தப் பக்கம் தவறினால் தாங்கலாம் என்று மாற்றத்தின் விளக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பரிசீலிப்பவர் தேடிப் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை வைத்துக்கொள்வதன் விலை

சேவை எத்தனை முறை அழைக்கப்பட்டது, எத்தனை சுழற்சிகள் செலவாயின என்ற புள்ளிவிவரங்களை நூலகம் சேகரிக்கும். ஆரம்பத்தில் இவை சேவையின் பொதுப் பதிவில் இருந்தன. பாதுகாப்பான சேவை ஒன்று லாக் இல்லாமல் பல கோர்களில் ஓடும்போது, எல்லாக் கோர்களும் ஒரே எண்ணியைக் கூட்டும். சில கூட்டல்கள் தொலையும். 2022-ல் இதற்கு முதலில் வந்த திருத்தம் அணுக் கூட்டல். எண்ணிக்கை சரியானது. ஆனால் ஒரே கேஷ் லைனை எல்லாக் கோர்களும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தன. ஒரே கணக்கு நோட்டைப் பதினாறு பேர் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி எழுதுவது போல.

அதே ஆண்டு அடுத்த திருத்தம் வந்தது: ஒவ்வொரு கோருக்கும் தனி எண்ணி, கேட்கும்போது மட்டும் கூட்டிச் சொல்வது. அதை அனுப்பியவர் தன் விளக்கத்தில் அளவீட்டையும் சேர்த்திருந்தார். 1000 சுழற்சிகள் எடுக்கும் ஒரு சேவையை 16 கோர்களில் ஓட்டினால், புள்ளிவிவரம் சேகரிப்பதற்கு மட்டும் ஒவ்வோர் அழைப்புக்கும் சுமார் 10,000 சுழற்சிகள் செலவாகிக்கொண்டிருந்தன. மாற்றத்துக்குப் பின் 22. வேலையைப் போலப் பத்து மடங்கு, அந்த வேலையை எண்ணுவதற்கு.

பரிசீலனையின் பார்வையில் இந்த இரு திருத்தங்களின் வரிசை கவனிக்கத்தக்கது. முதல் திருத்தம் தர்க்கப்படி சரியானது. எந்தச் சோதனையும் அதைத் தவறு என்று சொல்லியிருக்காது. பல கோர்களில் ஓட்டி அளந்தால் மட்டுமே அதன் குறை தெரியும். ஒரே கோரில் எடுத்த அளவீட்டோடு வரும் மாற்றம், அளவீடே இல்லாமல் வரும் மாற்றத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது நம்பிக்கையைத் தந்துவிடுகிறது.

இதனோடு சேர்ந்த இன்னொரு மாற்றம், எண்ணிக்கையின் பொருளையே திருத்தியது. சேவைகள் பெரும்பாலும் ஏதாவதொரு வரிசையை எட்டிப் பார்த்து, வேலை இருந்தால் செய்பவை. வேலையே இல்லாத நேரத்திலும் எட்டிப் பார்ப்பதற்குச் சில சுழற்சிகள் ஆகும். வேலை இல்லாததால் அடிக்கடி எட்டிப் பார்க்கும். கூட்டினால், சும்மா இருக்கும் கோர் முழு மூச்சாக உழைப்பது போலக் கணக்கு காட்டும். அந்தக் கணக்கை நம்பி இன்னொரு கோரை ஒதுக்குபவர் ஏமாறுவார். வேலை எதுவும் இல்லாமல் திரும்பினால் 'மீண்டும் முயல்க' என்ற பிழை எண்ணைச் சேவை திருப்பித் தரலாம், அந்தச் சுழற்சிகள் கணக்கில் சேராது என்று விதி மாற்றப்பட்டது.

எழுதிய வரிசையும் தெரியும் வரிசையும்

தரவை எழுதிவிட்டு, பிறகு 'தயார்' என்ற குறியை எழுதுகிறோம். அடுத்த கோர் குறியைப் பார்த்தால் தரவையும் பார்க்கும் என்பது நம் எதிர்பார்ப்பு. இன்டெல் குடும்ப ப்ராசஸர்களில் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே மற்றவர்களுக்குத் தெரியும். ஆர்ம், பவர் ஆகியவற்றில் அந்த உத்தரவாதம் இல்லை. நிரலில் வெளிப்படையாகக் கேட்டால்தான் கிடைக்கும். 2011-ல் வந்த சி மொழித் தரம், 'எழுதிய பின் வெளியிடு', 'பெற்ற பின் படி' என்று வரிசையைக் கேட்கும் சொற்களை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. சேவை நூலகத்தில் இருந்த கனமான நினைவகத் தடைகள் 20.05-ல் இந்தச் சொற்களுக்கு மாறின. ஆர்மில் செலவு குறைந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயனாகத் தெரிவது, படிப்பவருக்கு எந்தக் குறி எந்தத் தரவைக் காக்கிறது என்பது நிரலிலேயே புலப்பட்டது.

இந்தச் சொற்கள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். வெளியிடும் எழுத்து ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் பெறும் வாசிப்பு இருக்க வேண்டும். மாற்றம் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும்போது, மறுபக்கத்தைத் திறந்து பார்க்காமல் யாரும் ஒப்புதல் தரக் கூடாது. இன்டெல் இயந்திரத்தில் சோதனை தேறிவிட்டது என்பதற்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை. அங்கே இந்தப் பிழைகளில் பல எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் வெளிவராது.

சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக. சேவை நூலகத்துக்கு நல்ல அலகுச் சோதனைகள் உண்டு. பாதுகாப்பற்ற சேவையை வேண்டுமென்றே நீண்ட நேரம் உள்ளே நிறுத்திவைத்து, இன்னொரு கோர் நுழைகிறதா என்று பார்க்கும் சோதனைகூட இருக்கிறது. ஆனால் நேரத்தை நம்பும் சோதனை, சுமையேறிய பொது இயந்திரத்தில் காரணமில்லாமல் தோற்கும். சேவை நிற்பதற்குக் கொடுத்த 100 மில்லி விநாடி அவகாசத்தை 1000 ஆக உயர்த்த வேண்டி வந்தது. காரணமில்லாமல் தோற்கும் சோதனைக்குப் பழகிவிட்ட குழு, காரணத்தோடு தோற்கும்போதும் மறுபடி ஓட்டிவிட்டுப் போய்விடும். த்ரெட் சானிடைசர் போன்ற கருவிகள் உதவும், ஆனால் ஓடிய பாதையில் நடந்ததை மட்டுமே அவை பார்க்கும். கெர்னலிலும் இதே வகைக் கருவியான கே.சி.சான் 2020-ல் 5.8 பதிப்பில் சேர்ந்தது. அதற்கும் இதே எல்லை.

எல்லாப் பாதைகளையும் பார்க்க வேண்டுமென்றால் மாதிரிச் சரிபார்ப்பு இருக்கிறது. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டி.எல்.ஏ. பிளஸ் மொழியை அமேசான் தன் மேகச் சேவைகளின் வடிவமைப்பில் பயன்படுத்தியதை அதன் பொறியாளர்கள் 2015-ல் விரிவாக எழுதினார்கள். அவ்வளவு பெரிய அமைப்புகளுக்கு அது கடினமான உழைப்பு. ஆனால் நம் சேவை நூலகத்தில் இருப்பது நான்கு நிலைக் குறிகள், ஒரு லாக், இரண்டு மூன்று த்ரெட்கள். இதன் எல்லா இடையீடுகளையும் ஒரு மடிக்கணினி சில நிமிடங்களில் அலசிவிடும் அளவுதான். மேலே சொன்ன இரண்டு பிழைகளும் அப்படியொரு மாதிரியில் முதல் ஓட்டத்திலேயே சிக்கியிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. பாக்கெட் நூலகங்களில் இந்த வழக்கம் இன்னும் பரவலாகவில்லை என்பது வருத்தம்.

கருவி இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நிறுத்தும் பிழையைத் திருத்திய மாற்றத்தின் விளக்கம், 'முதல் த்ரெட் இதைச் செய்கிறது, அப்போது இரண்டாவது த்ரெட் இங்கே இருக்கிறது' என்று படிப்படியாக எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்த எவரும் தாளில் வரைந்து சரிபார்க்க முடிந்தது. நல்ல பரிசீலனை சாத்தியமானது அந்த எழுத்தால்தான்.

பல கோர் நிரலில் மாற்றம் அனுப்பும் பொறியாளர்களிடமும், அதைப் பரிசீலிக்க உட்காருபவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். விளக்கத்தில் த்ரெட்களின் வரிசையை எழுதுங்கள். சேவை ஓடும் நடுவில் அது இடம் மாறினால் என்ன ஆகும், நிறுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். அந்தப் பத்தி இல்லாமல் வரும் மாற்றம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அனுப்பியவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அதைக் கேட்டு வாங்கும்வரை ஒப்புதல் தராதீர்கள்.